படியில் விழுந்தான் என்று எழுதியிருக்கிறார்கள்

ராயபுரம்,
6 மார்ச் 2022

அன்புள்ள அண்ணன் சாவியோவுக்கு,

தங்கை ஜானட் எழுதிக்கொள்வது. மாதா துணையில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரியாமல்தான் தூக்கம் பிடிப்பதில்லை.

போன வாரம்தான் நீ இருக்கும் நாட்டிலுள்ள நம் தூதரகத்திலிருந்து பதில் வந்தது. சிறையில் போன் கிடையாது, மாதம் இரண்டு கடிதம் உண்டு, அதையும் ஒருவர் படித்துப் பார்த்த பிறகுதான் கொடுப்பார்கள் என்றார்கள். பத்து வருஷமாகத் துறைமுக வேலையில் நான் பேனாவால் எழுதியதெல்லாம் சரக்குப் பெட்டிகளின் நம்பர்தான். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கப்பலைப் பிடித்து ஏழு மாதம் ஆகிவிட்டது. கடத்தல் டீசல் என்று சொல்லி எல்லோரையும் பிடித்தார்கள். கேப்டனும் மற்றவர்களும் அவரவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்ஜின் ரூமில் ஸ்பேனர் பிடித்த உனக்கு மட்டும் ஐந்து வருஷம் தண்டனை என்று போன மாதம் கேள்விப்பட்டோம். அன்றைக்கும் அம்மா வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையற்கட்டுக்கு வழக்கம்போலப் போய்விட்டு வந்தாள். சாயங்காலம்தான், "எலும்பும் தோலுமா கீறானான்னு எழுதிக் கேளுடி" என்றாள்.

எண்ணூருக்குப் போய், கப்பலில் உன்னோடு வேலை செய்த பாரியின் வீட்டுக்காரி ஷாலுவைப் பார்த்தேன். அக்டோபரில் அவன் சவப்பெட்டி வந்தது. பாரி ஆகஸ்ட் 13-ஆம் தேதி காவலில் இருக்கும்போது படியில் தவறி விழுந்து இறந்தார் என்று காகிதத்தில் போட்டிருக்கிறது. நீயும் அவனோடுதானே இருந்தாய்? ஷாலு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெசமாவே படியிலதான் வுழுந்தாரா? உங்க அண்ணனாண்ட கேளு" என்றாள். கேட்டு எழுதச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மேல்முறையீடு போட்டாயா? உடனே பதில் எழுது.

உன் அன்புத் தங்கை,
ஜானட்

---

9 ஏப்ரல் 2022

அன்புள்ள தங்கச்சிக்கு,

சாவியோ எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க மன்றாடுகிறேன்.

எழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று பயப்படாதே. வலது மணிக்கட்டில் சுளுக்கு. இடக்கையால் எழுதிப் பழகுகிறேன்.

சாப்பாடு பரவாயில்லை. மக்காச்சோளக் களியும் பீன்ஸும் தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பாதிரியார் பூசை வைக்க வருகிறார். நான் மெலியவில்லை என்று அம்மாவிடம் சொல்.

பாரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். படியில் விழுந்தான் என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு மேல் நான் எழுத ஒன்றும் இல்லை.

காசிமேட்டில் இப்போது என்ன மீன் வருகிறது? தடைக்காலம் தொடங்கிவிட்டதா?

உன் அண்ணன்,
சாவியோ

---

ராயபுரம்,
1 மே 2022

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் மணிக்கட்டு தேறிவிட்டதா? சுளுக்கு இத்தனை மாதம் நிற்குமா என்று அம்மா கேட்கிறாள்.

பங்குச் சாமியார் சொல்லி, தம்புச்செட்டித் தெருவில் அசோகன் என்ற வக்கீலைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். ஒரு சின்ன மாடி அறை, அதில் உட்காரவே இடமில்லாத அளவுக்குக் கேஸ் கட்டுகள். ஜெனீவாவில் ஐ.நா.வின் மனித உரிமைக் குழு ஒன்று இருக்கிறது, அங்கே புகார் அனுப்பலாம் என்கிறார்.

"இந்தியா மேல புகார்னா, இப்பவே வேணாம்னு சொல்லிடுவேன்மா," என்றார். "தனி ஆளு அங்க போய்ப் புகார் குடுக்கலாம்னு ஒரு ஒப்பந்தம் இருக்கு. அதுல நம்ம நாடு சேரலை. உங்க அண்ணன் இருக்கிற நாடு சேர்ந்திருக்கு. நீ எந்த நாட்டுக்காரன்னு அவங்க பார்க்க மாட்டாங்க. யார் பிடியில இருக்கும்போது நடந்துச்சுன்னுதான் பார்ப்பாங்க."

அப்படியானால் எழுதிவிடலாமே என்றேன். சிரித்தார்.

"உண்மையா பொய்யாங்கிறதை அவங்க முதல்ல தொட மாட்டாங்க. இது நாங்க எடுத்துக்கக்கூடிய புகாரான்னுதான் முதல் கேள்வி. அட்மிஸிபிளா இல்லையா. நிறையப் புகார் அந்த இடத்துலயே நின்னுடும்."

எனக்கு இது புரிந்தது, அண்ணா. துறைமுகத்தில் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் காகிதத்தைத்தான் பார்ப்பார்கள். நம்பரில் ஒரு எழுத்து மாறினாலும் பெட்டி யார்டிலேயே கிடக்கும். உள்ளே நல்ல சரக்குதான் இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். இதைச் சொல்லி, "அங்கேயும் இதே கதைதானா சார்?" என்று கேட்டேன்.

"அப்படி மட்டும் இல்லம்மா. தப்பு பண்ணின நாட்டுக்கே அதைச் சரி பண்ண ஒரு வாய்ப்புத் தரணும். அதுக்குத்தான் உள்ளூர்க் கோர்ட்டு எல்லாத்துலயும் ஏறி இறங்கிட்டு வான்னு சொல்றாங்க. அங்க கதவே இல்லை, இல்லேன்னா தட்டித் தட்டி வருஷக்கணக்கா திறக்கலைன்னு காட்டினா, நேரா எடுத்துப்பாங்க."

உன்னிடமிருந்து மூன்று விஷயங்கள் வேண்டும். உனக்காக நான் புகார் தர அனுமதி கொடுத்து ஒரு கையெழுத்து. பெயர் மறைத்த புகாரை வாங்கமாட்டார்களாம். இரண்டாவது, மேல்முறையீடு எந்த நிலையில் இருக்கிறது என்ற விவரம். மூன்றாவது, பிடித்த நாளிலிருந்து உனக்கு நடந்தது எல்லாம், தேதியோடு. "கொடுமைப்படுத்தினாங்கன்னு ஒரு வரி போதாது. யாரு, எங்க, எப்போ, எதால. அது இல்லேன்னா ஆதாரம் போதலைன்னு தள்ளிடுவாங்க," என்றார்.

பாரிக்காக ஷாலுதான் கையெழுத்துப் போட முடியும். இறந்தவருக்காக நெருங்கின சொந்தம் கேட்கலாமாம். அவள் தயாராக இருக்கிறாள். அந்த நாட்டு அரசு வக்கீலுக்கு, சாவை விசாரிக்கச் சொல்லி அவள் பெயரில் பதிவுத் தபால் அனுப்பிவிட்டோம். தூதரகமும் இரண்டு முறை எழுதியிருக்கிறது.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஜானட்

---

12 ஜூன் 2022

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம்தான். அம்மாவின் கால் வலி எப்படி இருக்கிறது? மழைக்காலத்துக்கு முன்னால் கூரைத் தகரத்தை ஆள் வைத்து மாற்றிவிடு.

மேல்முறையீடு நடக்கிறது. அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். இங்கே சூப்பரின்டெண்டன்ட் நல்ல மாதிரி. என்னை மெஷின் ஷெட்டில் போட்டிருக்கிறார்கள். ஒழுங்காக இருந்தால் அடுத்த மார்ச் மாதமே விட்டுவிடுவார்கள் என்று பேச்சு. ஒன்பதே மாதம். ஜெனீவா வேலையெல்லாம் நமக்கு எதற்கு? நம் சக்திக்கு மீறின இடம் அது.

படிவம் ஈரத்தில் கெட்டுவிட்டது.

இன்னொன்று. எண்ணூருக்கு அடிக்கடி போகாதே. அந்தப் பெண்ணின் மனதில் ஆசையை ஏற்படுத்தாதே.

உன் அண்ணன்,
சாவியோ

---

ராயபுரம்,
3 ஜூலை 2022

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் நலம். பேதுரு கோவில் திருவிழா போன வாரம் முடிந்தது. தேர் கல்மண்டபம் பக்கம் வந்தபோது அம்மா உன் பெயரைச் சொல்லி மெழுகுவத்தி ஏற்றினாள்.

நீ போகாதே என்றாய். நான் போனேன்.

ஷாலு இப்போது திருவொற்றியூரில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனேன். மகளை வெளியே அனுப்பிவிட்டு என்னை உட்கார வைத்தாள். பெட்டியைத் திறக்கக்கூடாது என்று ஆணியடித்து அனுப்பியிருந்தார்கள் இல்லையா, அவளுடைய தம்பி ஆணியைப் பிடுங்கியிருக்கிறான். அவள் பார்த்திருக்கிறாள். இதுவரை ஊரில் யாரிடமும் சொல்லவில்லையாம்.

"மூஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு. தூங்குறாப்புலயே இருந்தாரு. கால் பக்கம் துணிய விலக்கினேன். உள்ளங்கால் ரெண்டும் கருப்பா வெடிச்சுக் கெடந்துச்சு. படியில வுழுந்தவருக்கு உள்ளங்கால்ல எப்டி அடி படும்?"

அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. தெரிந்தவன் நீ ஒருவன்தான். உன் கேஸை விட்டுவிடு. அவளுக்காவது ஒரு வரி எழுது. உன் மணிக்கட்டைப் பற்றியும் இனிமேல் சுளுக்கு என்று எழுதாதே.

புதுப் படிவம் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறையில் போட்டிருக்கிறேன்.

ஜானட்

---

ராயபுரம்,
18 செப்டம்பர் 2022

அண்ணனுக்கு,

இரண்டரை மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. அம்மா தினமும் தபால்காரரைத் தெருமுனையிலேயே நிறுத்திக் கேட்கிறாள். அவர் இப்போதெல்லாம் வேறு வழியாகப் போகிறார்.

போன மாதம் 13-ஆம் தேதி பாரிக்குத் திதி கொடுத்தார்கள். நானும் போயிருந்தேன்.

கோபமாக எழுதியிருந்தால் மன்னித்துக்கொள். நலமாக இருக்கிறேன் என்று ஒரு வரி போதும்.

ஜானட்

---

9 அக்டோபர் 2022

அன்புள்ள ஜானட்,

நீயும் அம்மாவும் சுகமாக இருக்கவேண்டும்.

இந்தக் கடிதத்தைச் சிறைக்கு வரும் பாதிரியார் தன் அங்கிக்குள் வைத்து எடுத்துப் போகிறார். அதனால் யாரும் படிக்கமாட்டார்கள். ஜூலையில் நீ எழுதியது எனக்குக் கிடைத்தபோது, நடுவில் பதினான்கு வரிகளைக் கருப்பு மையால் அழித்திருந்தார்கள். "நான் போனேன்" என்பதற்குப் பிறகு எல்லாம் கருப்பு. கடைசியில், "தெரிந்தவன் நீ ஒருவன்தான்" என்ற வரி மட்டும் மிச்சம் இருந்தது. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் பார்த்திருக்கக்கூடாதே என்றுதான் இத்தனை நாளும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

பாரி படியில் விழவில்லை. நாங்கள் இருந்த இடத்தில் படியே கிடையாது.

கப்பலைப் பிடித்தது ஆகஸ்ட் 12. துறைமுகத்தில் வலை, கயிறு வைக்கிற ஒரு தகர ஷெட்டில் எங்கள் இருவரையும் போட்டார்கள். டீசல் யாரிடம் வாங்கினது என்று கேட்டார்கள். அதெல்லாம் கேப்டனுக்குத்தான் தெரியும், நான் ஃபிட்டர், அவன் ஆயிலர் என்று சொன்னோம். ரப்பர் ஹோஸால் உள்ளங்காலில் அடித்தார்கள். நாலாவது நாள் என் மணிக்கட்டை உடைத்தார்கள். பாரி வாயாடுவான் என்று உனக்குத் தெரியும். அடி வாங்கும்போதும் அவர்களைத் திட்டினான். அவனுக்கு என்னைவிட அதிகம் விழுந்தது. ஒன்பதாவது நாள், ஆகஸ்ட் 20, காலை பத்து மணி சுமாருக்கு என் மடியில் தலை வைத்துத் தண்ணீர் கேட்டான். கொடுப்பதற்குள் போய்விட்டான்.

மறுநாள் ஒரு காகிதம் கொண்டுவந்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியாத மொழி. மொழிபெயர்க்க வந்தவன் சொன்னான்: "பாரி 13-ஆம் தேதி படியில் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன் என்று இதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் மருத்துவமனை. போடாவிட்டால் இதே ஷெட்." இடக்கையால் போட்டேன்.

இன்னும் ஒன்று மறைத்தேன். மேல்முறையீடு நடக்கவில்லை. மார்ச் மாதமே வாபஸ் வாங்கிவிட்டேன். வாங்கினால் ஐந்து வருஷத்தை ஒன்றாகக் குறைக்கிறோம் என்றார்கள். கோர்ட்டில் நீதிபதி என்னைப் பார்த்து, "உன் சொந்த விருப்பத்தில்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீதிபதி நல்லவராகத் தெரிந்தார். அந்த ஒரு நிமிஷம் நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போகவேண்டும் என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது.

வக்கீல் கேட்டபடி ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன். பெயர் தெரிந்தவர்களுக்குப் பெயர், தெரியாதவர்களுக்கு அடையாளம். உன் மே மாதக் கடிதத்தைப் போலவே புதுப் படிவமும் எப்படியோ தப்பி வந்தது; அதிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்ன செய்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டாதே.

சாவியோ

---

ராயபுரம்,
13 நவம்பர் 2022

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா நலம். இந்தக் கடிதமும் பாதிரியார் கையில்தான் வரும். நான் மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். உன்னைப் பார்த்து ஒரு வார்த்தைகூடக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அசோகன் ஆறு பக்கத்தையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு சொன்னார்.

"உங்க அண்ணனோட புகார் நிக்கிறது கஷ்டம்மா. மேல்முறையீட்டை அவரே வாபஸ் வாங்கியிருக்காரு. அடிச்சாங்கன்னு அந்த நாட்டுல எந்தக் கோர்ட்டுலயும் வாயைத் திறக்கலை. பயத்துல வாங்கினேன்னு எழுதுவோம். ஆனா நீதிபதியே கேட்டிருக்காரே, ஆமாம்னு சொல்லியிருக்காரே. அதை அந்த நாட்டுக்காரங்க எடுத்து முன்னால வைப்பாங்க."

"அப்ப பாரி?"

"அது வேற. காவல்ல ஒருத்தர் செத்தா, யாரும் கேக்காமலே அந்த நாடு விசாரிச்சிருக்கணும். சம்சாரம் பதிவுத் தபால்ல கேட்டிருக்காங்க, தூதரகம் ரெண்டு தடவை கேட்டிருக்கு, பதிலே இல்லை. கதவு அவங்க பக்கம் சாத்தியிருக்கு. அதுக்குக் கண்ணால பார்த்த சாட்சி உங்க அண்ணன்தான்."

அதாவது நீ எழுதிய ஆறு பக்கம் உனக்கு உதவாமல் போகலாம், பாரிக்கு உதவும்.

ஆனால் அனுப்பினால் அந்த நாட்டுக்கும் ஒரு பிரதி போகும். அவர்கள் பதில் சொல்லவேண்டும் அல்லவா. மார்ச்சில் வரவேண்டிய உன் விடுதலை என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சாட்சியைத் தொடக்கூடாது என்று குழுவை எழுதச் சொல்லிக் கேட்கலாம். அவசரம் இல்லை, சில வருஷம் கழித்துக்கூட அனுப்பலாம், நீ வந்து சேர்ந்த பிறகு அனுப்பலாம் என்கிறார்.

ஷாலுவிடம் நான்தான் சொன்னேன். வேறு யார் சொல்வது? அவள் அழவில்லை. விரல் விட்டு எண்ணினாள்.

"அப்ப ஒம்பது நாளு உசுரோட இருந்தாரு. நான் பதிமூணாம் தேதின்னு திதி குடுத்துட்டேனே. உசுரோட கீற மனுஷனுக்கு."

பிறகு, "உங்க அண்ணன் வரட்டும். அப்பறமா அனுப்பலாம். இன்னொரு பொட்டி வந்து எறங்க வேணாம்" என்றாள். அவளுடைய வார்த்தையை அப்படியே எழுதியிருக்கிறேன். நாங்கள் காத்திருக்கிறோம்.

ஜானட்

---

8 ஜனவரி 2023

அன்புள்ள ஜானட்,

அம்மாவுக்கும் உனக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். இதுவும் பாதிரியார் கையில்தான் வருகிறது. கிறிஸ்துமஸ் பூசை நன்றாக நடந்தது. உடம்பு சுமார்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் யோசித்தேன். காத்திருக்கலாம் என்றுதான் முதலில் எழுத உட்கார்ந்தேன். ஷாலுவே சொல்லிவிட்டாள், எனக்கு என்ன என்று இருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் ஒரு புதுக் கைதியை மெஷின் ஷெட்டுக்கு அனுப்பினார்கள். வங்காளக்காரன், இருபத்துநாலு வயது. மீன்பிடிக் கப்பல் ஆள். செருப்புப் போடாமல் பக்கவாட்டில் கால் வைத்து நடந்தான். எங்கே வைத்திருந்தார்கள் என்று சைகையில் கேட்டேன். தரையில் விரலால் வரைந்தான். தகர ஷெட், வலை, கயிறு. அவனோடு இன்னும் ஐந்து பேர் அங்கேயே இருக்கிறார்களாம்.

நான் போட்ட கையெழுத்து இருக்கும்வரை அந்த ஷெட்டில் யாரும் சாகவில்லை என்றுதான் காகிதத்தில் இருக்கும்.

அனுப்பிவிடுங்கள். மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். என் பகுதி நின்றுபோனாலும் சேர்த்தே அனுப்புங்கள். நீதிபதியிடம் ஆமாம் என்று சொன்னதையும் மறைக்காமல் எழுதச் சொல். ஷாலுவிடம், நான் யோசித்துத்தான் சொல்கிறேன் என்று சொல்.

சாவியோ

---

ராயபுரம்,
30 ஏப்ரல் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

பிப்ரவரி 3-ஆம் தேதி அனுப்பினோம். உன் ஆறு பக்கம், ஷாலு தான் பார்த்ததை எழுதிப் போட்ட கையெழுத்து, பதிவுத் தபால் ரசீது, தூதரகக் கடிதங்கள், இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் நான்தான் வரிசைப்படுத்தி நம்பர் போட்டேன். இதே விஷயத்தை வேறு எந்த உலக அமைப்பிலும் விசாரிக்கக் கேட்கவில்லை என்றும் எழுதித் தரவேண்டியிருந்தது. அசோகன் ஒரு பிழையும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

போன வாரம் பதில் வந்தது. பதிவு செய்துகொண்டார்களாம். நம்பர் கொடுத்திருக்கிறார்கள். இது முடிவு இல்லை, அந்த நாட்டிடம் பதில் கேட்டிருக்கிறோம் என்று மட்டும்தான். சாட்சிக்கு எந்தத் தீங்கும் வரக்கூடாது என்று அவர்களுக்கு எழுதியிருக்கிறார்கள்.

மார்ச் முடிந்துவிட்டது. நீ வரவில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அண்ணா. மறைக்க முடியவில்லை. கேட்டுக்கொண்டே கீரையை ஆய்ந்து முடித்தாள். "அவன் செஞ்சது கரீட்டுதான். ஆனா எம் புள்ளய எப்ப வுடுவானுங்க?" என்றாள்.

உன்னை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள் என்று பாதிரியார் சொல்லி அனுப்பினார்; எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எழுது. ஒரு வரி.

ஜானட்

---

ராயபுரம்,
23 நவம்பர் 2025

அன்புள்ள தங்கச்சி ஷாலுவுக்கு,

சாவியோ எழுதுவது. நீயும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஜானட் மூலமாக உங்கள் சேதி அவ்வப்போது தெரிகிறது.

நான் ஊருக்கு வந்து பதினேழு மாதம் ஆகிறது. தண்டையார்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். எண்ணூர் பஸ் பட்டறை வாசலில்தான் நிற்கும். நான் ஒருநாளும் ஏறவில்லை. நேரில் சொல்ல வராததால் இதைக் கடிதமாக எழுதுகிறேன்.

புகார் போன பிறகு என்னை வேறு சிறைக்கு மாற்றினார்கள். விடுதலையைத் தள்ளித் தள்ளிப் பதினைந்து மாதம் கழித்து அனுப்பினார்கள். ஆனால் அதற்குப் பிறகு என் மேல் யாரும் கை வைக்கவில்லை. இதை நீ ஒரு பாரமாக நினைக்கக்கூடாது. அனுப்பச் சொன்னது நான்.

ஜெனீவாவிலிருந்து நேற்று முடிவு வந்தது. இருபது பக்கம். அந்த நாடு, இரண்டு புகாரையும் எடுத்துக்கொள்ளவே கூடாது, முதலில் அதை முடிவு செய்யுங்கள் என்று கேட்டிருந்தது. அசோகன் சார் படித்துச் சொன்னார். என் புகாரை ஏற்கவில்லை. அடி வாங்கினதை நான் அங்கே எந்தக் கோர்ட்டிலும் சொல்லவில்லை, மேல்முறையீட்டையும் நானே விட்டுவிட்டேன், பயமுறுத்தினார்கள் என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். "பொய்னு சொல்லலை, சாவியோ. அதைப் பார்க்கிற இடத்துக்கே வர முடியலைன்னுதான் சொல்றாங்க," என்றார். எனக்கு அது வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

பாரியின் புகாரை ஏற்றுக்கொண்டார்கள். உன் பதிவுத் தபாலுக்கும் தூதரகத்துக்கும் பதில் சொல்லாதவர்கள், உள்ளூரில் வழி இருந்தது என்று இப்போது சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். நான் எழுதினதையும், பெட்டியைத் திறந்து நீ பார்த்ததையும் சேர்த்து, விசாரிக்கப் போதுமான விவரம் இருக்கிறது என்கிறார்கள். இனிமேல்தான் என்ன நடந்தது என்று பார்ப்பார்கள். இன்னும் ஓரிரு வருஷம் ஆகலாம். கடைசியில் அவர்கள் சொல்வதை அந்த நாடு கேட்குமா என்பதும் தெரியாது. ஆனால் அந்த இருபது பக்கத்தில், புகார் சொல்கிற இறந்த தேதி என்று 20 ஆகஸ்ட் 2021 அச்சில் வந்திருக்கிறது.

இதையெல்லாம் ஜானட்டே உனக்குச் சொல்லியிருப்பாள். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. ஆகஸ்ட் 21-ஆம் தேதி நான் போட்ட கையெழுத்துக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். அதைக் கடிதத்தில் கேட்பது முறையல்ல. நான் வீட்டுக்கு வரலாமா என்று எழுது. வேண்டாம் என்றால் அதையும் எழுது, நான் வருத்தப்படமாட்டேன்.

மகளுக்கு என் ஆசீர்வாதம்.

சாவியோ

---

எண்ணூர்,
30 நவம்பர் 2025

சாவியோ அண்ணனுக்கு,

ஷாலு எழுதுறேன். நானும் பொண்ணும் நல்லா கீறோம். அவ பத்தாவது படிக்கிறா. உங்க அம்மாவ கேட்டதா சொல்லுங்க.

நீங்க வந்துட்டீங்கன்னு அன்னிக்கே தெரியும். நானா வரலாம்னு பாத்தேன். அப்பறம் உங்களுக்கா மனசு வரட்டும்னு வுட்டுட்டேன். வராம இருந்துகினே இருந்தா இந்த வருஷத்தோட நானே கெளம்பி வந்திருப்பேன்.

உங்க புகார எடுத்துக்கலன்னு ஜானட் சொன்னப்போ எனக்கு ஆத்திரமா வந்துச்சு. கையெழுத்துப் போட்டது நீங்கதான். ஆறு பக்கம் எழுதினதும் நீங்கதான். நீங்க எழுதலன்னா இன்னிவரைக்கும் அவரு படியில வுழுந்தவருதான். இதுக்கு மேல மன்னிப்பு அது இதுன்னு என் வூட்டு வாசல்ல வந்து நிக்காதீங்க. உள்ள வாங்க.

அடிச்சதெல்லாம் அந்த ஆறு பக்கத்துல ஜானட் படிச்சுக் காட்டிட்டா. அத மறுபடி சொல்ல வேணாம். ஒம்பது நாளு ஒண்ணா இருந்தீங்க. அந்த மனுஷன் பேசாம ஒரு மணி நேரம் இருக்க மாட்டாரு. இன்னா பேசினாரு, யார திட்டினாரு, எங்களப் பத்தி இன்னா சொன்னாரு, எல்லாத்தையும் யோசிச்சு வச்சுக்கினு வந்து சொல்லுங்க. பொண்ணும் கூட உக்காந்து கேக்கணும்னு சொல்றா.

ஞாயித்துக்கிழம எனக்கு லீவு. சாப்புடாம வாங்க.

ஷாலு